சிறுவாணியைக் கொதிக்க வைத்த நாள்

என் அண்ணனை நினைத்தால் முதலில் அவருடைய ஸ்கூட்டர்தான் ஞாபகம் வரும். கால் வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கேன் நிற்கும். அது சாயாமல் இரண்டு முழங்கால்களாலும் அணைத்துக்கொண்டு, கோயமுத்தூரில் செல்வபுரத்திலிருந்து எங்கள் சரவணம்பட்டி வீட்டுக்கு மெதுவாக ஓட்டி வருவார். உள்ளே இருப்பது மலையிலிருந்து வரும் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். அவர் வீட்டுக் குழாயில் வருவது. எங்கள் வீட்டில் அப்போது போர் தண்ணீர்தான். சோப்புப் போட்டால் நுரைக்காது, காய்ந்த பாத்திரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும்.

குழந்தைகளே, நீங்கள் வேறு ஊரில் பிறந்திருந்தால் இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணி என்றால் அத்தனை பெருமை. குழாயைத் திறந்து அப்படியே குடிப்பார்கள். அதைக் காய்ச்சிக் குடிப்பது அதற்குச் செய்கிற அவமரியாதை என்பது என் அண்ணனின் எண்ணம். அந்தத் தண்ணீரை யாராவது குறை சொன்னால் தன்னையே சொன்னதாக எடுத்துக்கொள்வார்.

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்தது. அதுவரை தாய்ப்பால் மட்டும்தான். இனி கேழ்வரகுக் கூழும், கூடவே ஒன்றிரண்டு வாய் தண்ணீரும் கொடுக்கலாம் என்று சுகாதார நிலைய நர்ஸ் சொல்லியிருந்தார். எந்தத் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, அது பிள்ளைக்கு வேண்டாம். அண்ணன் கொண்டுவருவதையே காய்ச்சிக் கொடுப்பது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். சொன்னால் அண்ணன் கோபித்துக்கொண்டு வராமலே இருந்துவிடலாம். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு வயிறு கெடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது அடுப்பின்மேல் காலிப் பாத்திரமும் பக்கத்தில் பிள்ளையின் டம்ளரும் ஸ்பூனும் இருந்தன. பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

“ஏனுங் அம்மணி, சிறுவாணியப் போய்க் கொதிக்க வெக்கறதாக்கும்? ருசியே செத்துப்போயிருமுங்க.”

“புள்ளைக்கு மட்டுந்தானுங்க மாமா” என்றாள் என் மனைவி.

அவர் காதில் வாங்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கேனிலிருந்து டம்ளரில் ஊற்றி, ஸ்பூனையும் எடுத்துவிட்டார். தண்ணீரின் அருமையைச் சொல்ல, வழியில் நடந்ததைச் சொன்னார். கணபதியில் கொய்யாப்பழம் விற்கிற அம்மா தாகமாக இருக்கிறது என்று கேட்டாராம். இவர் கேன் மூடியிலேயே ஊற்றிக் கொடுத்தாராம். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்களும் அதே மூடியை வாங்கி, வாய் வைத்து ஆளுக்கொரு மடக்குக் குடித்தார்களாம். “நாக்குல வெச்ச ஒடனே சிறுவாணின்னு கண்டுபுடிச்சுப்போட்டாங்க” என்று சிரித்தார்.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அந்த மூடியவே போட்டு மூடிட்டீங்களா மாமா?”

“ஆமாங்க அம்மணி” என்றவரின் கை அப்படியே நின்றது. ஸ்பூனைப் பார்த்தார். வாயைத் திறந்து காத்திருந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு ஸ்பூனை டம்ளரிலேயே போட்டுவிட்டார்.

“தண்ணி மேல தப்பில்லீங்க. நாந்தான் வழியெல்லாம் விருந்து வெச்சுப்போட்டேன். அடுப்பப் பத்த வைங்க.”

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மூடி வைத்து ஆற்றினோம். ஆறியதும் அண்ணன் முதலில் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பிள்ளை சுளிக்கவில்லை, அடுத்த ஸ்பூனுக்கும் வாயைத் திறந்தது. அடுத்த வாரமும் கேன் வந்தது.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் தெருவுக்கும் நல்ல தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பேரனுக்கு இப்போதுதான் கூழ் ஆரம்பித்திருக்கிறார்கள். வெயிலில் போன தாகத்தில், சமையல் மேடையில் தட்டுப் போட்டு மூடியிருந்த எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் மொள்ளப் போனேன். பின்னாலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதையத் தொடாத தம்பி, புள்ளைக்கு ஆற வெச்சிருக்குது. உனக்குக் குழாய்ல சிறுவாணி வருது, போய்ப் புடிச்சுக் குடி.”