மலை மறைக்காத சூரியன்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த எனக்கு, சூரியன் என்றால் மாலையில் மலைக்குப் பின்னால் போய்விடுவது. அது தண்ணீரில் இறங்குவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசைப்பட்டிருந்தேன்.

அதற்காகவே நானும் கணவரும் குமுளி மலையைத் தாண்டிக் குமரகம் சென்று, அங்குள்ள ஏரியில் ஒரு நாளைக்குப் படகுவீடு எடுத்தோம். இருட்டுமுன் படகைக் கட்டிவிடுவார்கள் என்பதால், மாலையில் ஓரிடத்தில்தான் இறங்க முடியும். பயணக் கட்டுரைகளைப் படித்து, ஆலப்புழைக் கடற்கரைக்குப் போக வசதியான துறையை நான் தேர்ந்திருந்தேன். அவரோ படகோட்டியிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். படகு திரும்பி, ஏரிக்குள் கரை கட்டிய நெல்வயல் ஒன்றின் ஓரம் நின்றது.

அவர் விவசாயி. யார் வயலைக் கண்டாலும் கதிரை உருவிப் பார்க்காமல் நகரமாட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நெல்லு பாக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீகளா? நம்மூரு மார்க்கையன்கோட்டையில இல்லாத நெல்லா?"

"சண்டைய அப்புறம் போடு. வெரசா வா."

ஒரு கதிரைக்கூடத் தொடாமல் வரப்பைக் கடந்து மேற்குக் கரையில் ஏறினார். எதிரே ஏரி மட்டும்தான் இருந்தது. சூரியன் செந்நிறமாகத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கடற்கரையில ஒரே கூட்டமாம். இங்கன நல்லாத் தெரியும்னு படகுக்காரர் சொன்னாக. இந்தா, நீ கேட்ட சூரியன்."

அது முழுதும் இறங்கும்வரை கரையிலேயே நின்று பார்த்தோம். அவரை நான் முழுதாகப் படித்துவிட்டதாக எண்ணியிருந்த கர்வமும் அதோடு இறங்கியது.

மறுநாள் காலை படகு புறப்படும் நேரத்தில், "இருங்க, நெல்லப் பாத்துட்டுப் போவோம்" என்று நான்தான் சொன்னேன்.