இரண்டு வரிகளுக்குள் றெஜி அண்ணை

றெஜி அண்ணை இறந்துவிட்டார் என்பதை அம்மா தொலைபேசியில் சொன்னபோது, நான் வேலை முடிந்து மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் வீட்டுக்குப் போகும் ரயிலில் இருந்தேன். காலையில் வேலைக்கு வெளிக்கிட்டவர் வாசலிலேயே விழுந்துவிட்டாராம். மாரடைப்பு. நான் அழவில்லை. 'இனி அவர் அதைச் சொல்லப் போவதில்லை' என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டேன். ஆனால் இரண்டு கிழமை கழிந்தும் அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

எங்கள் தேவாலயப் பங்கு மலரைப் பார்த்துக்கொள்ளும் சில்வியா அன்ரி, நான் றெஜி அண்ணையோடு வேலை செய்தவள் என்பதால் என்னை எழுதச் சொன்னார். "நல்லதா நாலு வார்த்தை எழுது பிள்ளை. அந்தப் பாட்டுக்காரரின்ரை படத்தை மறந்திடாதை" என்றார். மறக்கவில்லை, அன்ரி. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

படங்களுக்கு நோர்வேஜிய சப்டைட்டில் எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில் நாங்கள் இருவரும் இருந்தோம். பல்கலைக்கழகம் முடித்து நான் அங்கே போன முதல் நாள், மதியம் அவர் குறொன்லாண்டுத் தமிழ்க்கடையில் வாங்கிய மட்டன் ரோல்ஸைக் காகிதத்தோடு என் மேசையில் வைத்து, "இஞ்சை ஒருத்தரும் உறைப்புத் தின்னாயினம். நீயாவது வந்தாயே, தங்கச்சி" என்றார். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. அவரிடம் கதைத்தேன்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். திரையில் ஒரு தடவைக்கு இரண்டு வரிதான் காட்டலாம். "ரெண்டு வரி இருக்கு. அதுக்குள்ளை ஒரு மனுசன்ரை வாழ்க்கையே அடங்கும்" என்பார். எங்களுக்கென்று ஒரு வழக்கமும் இருந்தது. ஆங்கிலத்தில் கேட்ட ஒரு வசனம் நோர்வேஜியத்தில் சரியாக வராவிட்டால், முதலில் அதைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னால் எப்படிச் சொல்லுவார் என்று. பிறகு அதிலிருந்து நோர்வேஜியத்துக்குப் போவோம். மற்ற மேசைகளில் இருந்தவர்களுக்கு நாங்கள் ஏதோ ஊர்வம்பு கதைக்கிறோம் என்று எண்ணம்.

அந்தப் படம் வந்தபோது அவர் சின்னப்பிள்ளை போல் ஆகிவிட்டார். அமெரிக்காவின் பழைய ரொக் இசைக்குழு ஒன்றைப் பற்றிய ஆவணப்படம். மன்னாரிலிருந்து பதினேழு வயதில் இங்கே வந்து, தனி அறையில் இருந்த காலத்தில் அந்தக் குழுவின் பழைய இசைத்தட்டுகளைத்தான் கேட்டாராம். எனக்கு அவர்களின் ஒரு பாட்டுக்கூடத் தெரியாது. முதற்பாதியை அவர் எடுத்தார், இரண்டாம் பாதியை நான் எடுத்தேன்.

அந்த இரண்டாம் பாதியில் பேஸ் கிற்றார் வாசித்தவர் வருவார். இப்போது கிழவர். தன் வீட்டுச் சமையலறையில் இருந்து கதைக்கிறார். குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டை எழுதியவர் அவர்தான். இசைத்தட்டில் இருந்ததோ பாடகரின் பெயர் மட்டும். அதைச் சொல்லும்போது அவர் கோபப்படுவதில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார். அந்த இடம் எனக்கு வரவே இல்லை. றெஜி அண்ணையைக் கூப்பிட்டேன். திரும்பத் திரும்ப ஓட விட்டோம். கடைசியில் நான்தான் தமிழில் சொன்னேன்:

"நன்றி சொன்னவை. பேர் போடேல்லை."

அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "அதுதான். முதல் வரி நன்றி, ரெண்டாவது வரி பேர்." அப்படியே நோர்வேஜியத்தில் எழுதினோம். அன்று பின்னேரம் முழுக்க, "அந்தாளுக்கு எவ்வளவு அநியாயம் செய்திருக்கினம், என்ன?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நோர்வேயில் படம் முடிந்ததும், சப்டைட்டில் எழுதியவரின் பெயர் கடைசியாகத் திரையில் வரும். யாரும் அதை வாசிப்பதில்லை. எங்கள் வீட்டில் வாசிக்கக் காத்திருந்தார்கள். அப்பா பேருந்து நிலையத்தில் பேருந்துகள் கழுவுகிறார். வீட்டில் முதலில் படித்துப் பட்டம் எடுத்தவள் நான். ஆனால் என் வேலை என்னவென்று அவரால் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. படம் திரையரங்குக்கு வந்தபோது லீவு எடுத்து, தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மாவோடு வந்தார். பங்கிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். றெஜி அண்ணைதான் எல்லோரையும் அழைத்திருந்தார்.

கடைசியில் றெஜி அண்ணையின் பெயர் வந்தது. நீங்கள் கைதட்டினீர்கள். அப்பாவும் தட்டினார், அடுத்தது என்னுடையது என்று நினைத்து. பிறகு திரை கறுத்துவிட்டது. விளக்குப் போட்ட பிறகும் அப்பா எழும்பவில்லை. "சின்னனாப் போட்டிருப்பினம். நாங்கள் கவனிக்கேல்லை" என்றார் அம்மா.

வெளியே கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது ஒருவர் அந்தக் கிழவரின் வசனத்தைப் புகழ்ந்தார். "அதுக்கு அரை நாள் யோசிச்சனான்" என்றார் றெஜி அண்ணை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ரயிலில் அப்பா கேட்டார், "நீ செய்த துண்டு எது பிள்ளை?" இரண்டாம் பாதி என்றேன். "அதிலைதானே சனம் அழுதது" என்றார். பிறகு அதைப் பற்றி அவர் கதைத்ததே இல்லை.

திங்கட்கிழமை றெஜி அண்ணையிடம் கேட்டேன். அதைக் கேட்பதற்கு நான் ஞாயிறு முழுக்கச் சொல்லிப் பழகியிருந்தேன்.

"இடம் காணாது, தங்கச்சி" என்றார் கணினியைப் பார்த்தபடி. "ரெண்டு பேர் அடங்காது. போட்டாலும் வடிவில்லை. அடுத்த படத்திலை உன்ரை பேரை முதல்லை போடுறன்."

இரண்டு வரிக்குள் ஒரு மனிதனின் வாழ்க்கையே அடங்கும் என்று சொன்னவர். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அடுத்த படம் வரும்வரை நான் அங்கே இருக்கவில்லை. போன கிறிஸ்மசுக்கு வாழ்த்து அனுப்பினார். நானும் அனுப்பினேன். அவ்வளவுதான்.

அவருடைய அடக்கத்தின் போதும் அந்தப் படத்தைச் சொல்லித்தான் புகழ்ந்தார்கள். அவர் மகள் என் கையைப் பிடித்து, "அப்பா உங்களைப் பற்றி நெடுகக் கதைப்பார்" என்றாள். என்ன கதைப்பார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியவை எவை என்று பார்த்தேன். இன்றைக்கும் ஒரு வசனம் வராவிட்டால் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு வரியை வீணாக்குவதில்லை. மற்றது, ஒரு புதுப் படத்தைத் திறந்தவுடனே, ஒரு வசனமும் எழுதுவதற்கு முதல், கடைசிக்குப் போய் அதில் வேலை செய்யப்போகும் எல்லோருடைய பெயரையும் எழுதிவிடுகிறேன். இப்போது என்னோடு வேலை செய்யும் கோயம்புத்தூர்க்காரி சிரிப்பாள்: "படமே இன்னும் பாக்கல, அதுக்குள்ள பேரா?" ஓம், பெயர்தான் முதலில்.

சில்வியா அன்ரி, அந்தப் படத்தை மறக்காமல் எழுதச் சொன்னீர்கள். மலரில் அதைக் குறிப்பிடுவதாக இருந்தால், தயவுசெய்து இப்படிப் போடுங்கள்:

நோர்வேஜிய சப்டைட்டில்: றெஜினோல்ட்
நிரோஜா

இடம் காணும்.