இடக்கையால் சாப்பிட்ட பந்தி

என் மகள் படக்கதைப் புத்தகத்துக்கு எடிட்டர். யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். தாராசுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது என்ன வேலை என்று தெரியாது. "சினிமாவுல ஃபிலிமை வெட்டி ஒட்டுவாங்களே, அதாக்கா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். "வெட்டுறதும் உண்டு, ஒட்டுறதும் உண்டு. ஆனா இது புத்தகம்" என்றேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதையும் ஒரு நாளைக்கு நாலு வரி என்றுதான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

கல்லூரி முடித்ததும் அவள் தஞ்சாவூரில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தாள். படத்தில் ஆட்கள் பேசுவதை ஒரு வட்டம் போட்டு அதற்குள் எழுதுவார்கள். அதற்குப் பலூன் என்று பெயர். பன்னிரண்டு வருடம் அந்தப் பலூனுக்குள் எழுதினாள். அதற்குள் மூன்று எடிட்டர்கள் வந்து போனார்கள். பெயர் அவர்களுடையது, பாதி வேலை இவளுடையது. மூன்றாவது ஆளும் போன பிறகு முதலாளி இவளைக் கூப்பிட்டு, "ஒரு புத்தகம் நீயே போட்டுப் பாரும்மா. சரியா வந்தா அந்த நாற்காலி உனக்கு" என்றார்.

ஒரு கல்யாண வீட்டுக் கதையை எடுத்துக்கொண்டாள். வரைந்தது நன்னிலத்து ஓவியர் பாய். பழைய கை. நெல்மணி வரைந்தால் அதில் சுணை தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சடித்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மடித்துத் தைப்பதுதான் பாக்கி. முதல் தாளில் எடிட்டர் என்று அவள் பெயர். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அரிந்துகொண்டிருந்த வாழைத்தண்டைத் தள்ளி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். எழுத்தை அவள் பார்ப்பாள், நான் படத்தைத்தான் பார்ப்பேன். நடுவில் ஒரு பக்கம் முழுக்கப் பந்தி.

"இது யாரு வூட்டுக் கல்யாணம்டி?" என்றேன்.

"ஏம்மா?"

"மாமன்காரன்லேர்ந்து வாண்டு வரைக்கும் எல்லாரும் பீச்சாங்கையால சாப்பிடுறாங்களே."

சிரித்தபடி வந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம் இருக்க வேண்டும். இதில் வரிசை முழுக்க வலது பக்கம் கிடந்தது. பரிமாறுகிறவளுக்கு முந்தானை வலது தோளில். எத்தனையோ கல்யாணத்தில் இலை போட்ட கை இது. அதற்குத் தெரியாதா?

"பாய் சரியாத்தாம்மா வரைஞ்சாரு" என்றாள் மெதுவாக. "மாமா வலது பக்கம் உக்காந்திருந்தாரு. அவர்தான் முதல்ல பேசணும். முதல்ல பேசுறவங்க இடது பக்கம் இருந்தாத்தான் படிக்கிறவங்க வரிசையாப் படிப்பாங்க. அதனால கம்ப்யூட்டர்ல படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிட்டேன்."

"அவருகிட்ட கேட்டியா?"

"கேக்கல. விடும்மா, யாரும் கவனிக்க மாட்டாங்க."

நான் கவனித்தேனே என்று வாய் வரை வந்தது. வாழைத்தண்டைத் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலையில் அவள் கிளம்பும்போது நானும் புடவை மாற்றிக்கொண்டு நின்றேன். "நீ எதுக்கும்மா?" என்றாள். "மிஷினைப் பார்க்கணும்" என்றேன்.

அச்சகத்து வாசலிலேயே முதலாளியின் குரல் கேட்டது. தாள் மடிக்கும் பெண்கள் விடிந்ததும் பார்த்துச் சொல்லிவிட்டார்களாம். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார். பிறகு இவளிடம் திரும்பினார்.

"பாத்தியாம்மா இந்த லட்சணத்தை? நம்ம வீட்டுப் பந்தியைப் பத்தி பாய்க்கு என்ன தெரியும்? அவர்கிட்ட குடுத்தது என் தப்பு. இதோட அவருக்கு வேலை கிடையாது." சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டார்.

இவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பழி பாய் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாரும் நம்புவார்கள். நாற்காலி இவளுக்கு. நான் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். நானாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சார், போனை வைங்க" என்றாள். "பாய் வரைஞ்சது சரி. நான்தான் அவரைக் கேக்காம படத்தைத் திருப்பினேன். நேத்தே அம்மா பாத்துச் சொல்லிட்டாங்க. நேத்தே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

முதலாளி போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை புத்தகம் வரும்னு கடைக்காரங்ககிட்டல்லாம் சொல்லியாச்சே."

"வராது சார். இந்தப் பக்கத்தைத் திரும்ப அடிச்சாத்தான் புத்தகம். வேற ஆளைப் போடுறதுன்னா போடுங்க. என் பேரை எடுத்துடுங்க."

அவர் தாளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "பேரு இருக்கிற பக்கம் நல்லாத்தான் இருக்கு. அதை எதுக்கு மாத்தணும்? தப்பா இருக்கிறதை மாத்து, போ."

இவள் பாய்க்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேசியது எனக்கும் கேட்டது. "என் கையை வெட்டித் திருப்பி வச்ச மாதிரி இருக்கு தங்கச்சி. இனிமே என்னைக் கேக்காம தொடாத" என்றார்.

"தொட மாட்டேண்ணே. ஆனா மாமாதான் முதல்ல பேசணும். என்ன பண்றது?"

"அவரு ஏன் உக்காந்தே பேசணும்? எழுப்பி நிக்க வைப்போம். மேல இருக்கிற பலூனைத்தானே முதல்ல படிப்பாங்க? பந்தியில பாதியில கோவிச்சுக்கிட்டு எந்திரிக்கிற மாமா எங்க கல்யாணத்துலயும் உண்டு, போ."

புதன்கிழமை புதுப் படம் வந்தது. மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார், வலது கையில் சோறு ஒட்டியிருக்கிறது. பழைய படத்தைவிட இதுதான் உயிரோடு இருந்தது. புத்தகம் ஒரு வாரம் தள்ளித்தான் வந்தது. கடைக்காரர்கள் முனகினார்கள். முனகட்டும். அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகம் போட்டுவிட்டாள். இன்றைக்கும் பாய்க்குப் போன் போடாமல் அவர் படத்தில் ஒரு கோடு அசையாது.

அந்தப் புதன்கிழமையும் நான் அங்கேதான் இருந்தேன். மிஷினை ஒரு சுற்று ஓட்டி நிறுத்தி, முதல் தாளை ஈரத்தோடு எடுத்துக்கொண்டு முதலாளி நேரே என்னிடம் வந்தார்.

"நீங்க பார்த்துச் சொல்லுங்கம்மா. உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது. சரியா இருக்கா?"

பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கையை நீட்டவில்லை.

"எடிட்டர் அங்க உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட குடுங்க" என்றேன்.