தண்ணீர் இறங்கினால் லிண்டனுக்கு வேலை

என் தங்கச்சி ரொபெர்ட்டாவின் புருஷன் லிண்டன் முப்பத்து நாலு வருஷம் சேற்றில் புழு தோண்டினான். தூண்டில்காரர்கள் இரைக்கு வாங்குகிற கடற்புழு. கடல் ஏறி இறங்குகிற டென்னட் ஆற்றில் வற்றம் வந்து, தண்ணீர் இறங்கிச் சேறு வெளியே தெரிந்ததும், தொடைவரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்குவான். கையில் குட்டைப் பிடி போட்ட முள்கொத்து, பின்னால் ஒரு வாளி. குனிந்தால் குனிந்ததுதான். தண்ணீர் திரும்ப ஏறி முழங்காலைத் தொட்டால்தான் நிமிர்வான். வற்றம் விடியற்காலை என்றால் விடியற்காலை, மத்தியானம் என்றால் மத்தியானம். கல்யாணத்தன்றுகூடக் காலை வற்றத்துக்குப் போய்விட்டுத்தான் சர்ச்சுக்கு வந்தான். நகக்கண்ணில் சேறு இருந்ததை நான் பார்த்தேன்.

ஐம்பத்தாறு வயதில் முதுகு போயிற்று. முதுகெலும்பில் இரண்டு வட்டு நசுங்கிவிட்டதாம். இன்னும் ஒரு வருஷம் இப்படிக் குனிந்தால் கத்தி வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவனுக்கு வேறு வேலை தெரியாது.

மகள் ஜனெல் அதே ஆற்றில் கயாக் விடுகிறாள், ஒடுக்கமான துடுப்புப் படகு. கோடையில் வெளியூர்க்காரர்கள் வருவார்கள், கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். போன வருஷம் இருந்த ஆள் போர்ட்லண்டுக்குப் போய்விட்டான். இன்னொரு வழிகாட்டி அவளுக்கு வேண்டும். லிண்டன் தயங்கித் தயங்கிக் கேட்டான். அவள் சட்டென்று சரி சொல்லவில்லை.

"முதல்ல ஒரு நாள் எங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டுப்பா. அதுல தேறினா மாநில லைசென்சுக்குப் படி. நான் வாயே தொறக்க மாட்டேன். உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன்."

ஜூன் முதல் ஞாயிறு. நானும் ரொபெர்ட்டாவும் இரட்டை இருக்கைக் கயாக்கில், வெளியூர் விருந்தாளிகள் வேஷத்தில். லிண்டன் முன்னால், ஜனெல் கடைசியில். நான் செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவன். வெளியூர்க்காரர்களின் கொல்லைப்புறமெல்லாம் எனக்கு அத்துப்படி. அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்றும் தெரியும்.

"ஐயா, இந்த ஆத்துல முதலை இருக்குங்களா?"

"இல்ல சார்," என்றான் லிண்டன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னான்.

"இந்தத் தண்ணியை யாரு காலைல ஏத்தி விடுறாங்க?"

"மச்சான், ஆத்துல தள்ளி விட்டுருவேன்."

"விருந்தாளியைத் தள்ளி விடுவேன்றாரே, எழுதிக்கோம்மா ஜனெல்," என்றாள் ரொபெர்ட்டா. "எனக்கு சீட்டு ஈரமா இருக்கு. அதையும் எழுதிக்கோ."

ஜனெல் சிரித்தாள்.

ஒன்பதேகாலுக்குக் கிளம்பினோம். கடலிலிருந்து உள்ளே வருகிற ஏற்றம் எங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போனது. துடுப்பு சும்மா திருப்புவதற்குத்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும், லிண்டன் நன்றாகவே செய்தான். பாலத்தடியில் சுழிப்பு வரும் முன்பே வலது கரையை ஒட்டி வரச் சொன்னான். கடல்நாய்கள் படுத்திருந்த பாறையிடம் சத்தம் போடாமல் சுற்றிப் போனான். பருந்துக் கூட்டைக் காட்டினான். கைவசம் கதையும் இருந்தது. இருபத்திரண்டு வயதில் சேற்றில் பூட்ஸை விட்டுவிட்டு வெறுங்காலோடு கரையேறியதைச் சொன்னபோது, பலமுறை கேட்ட ரொபெர்ட்டாவே சிரித்தாள். முதுகும் நேராக இருந்தது. உட்கார்ந்துகொண்டு அவன் வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேல்மூலைக்கு வந்தோம். அங்கே ஆறு அகன்று ஒரு குடா மாதிரி இருக்கும். தண்ணீர் நிறைந்து நின்றது. கரைப்பாறையில் கயாக்குகளை ஏற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். முட்டை சாண்ட்விச், உருளைக்கிழங்கு வறுவல், ரொபெர்ட்டா செய்த கோகோ கேக்.

ஜனெலின் தொழிலில் ஒரே ஒரு கட்டளைதான் உண்டு. நீர் உச்சத்துக்கு வந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மேல்மூலையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். பிந்தினால் குடா முழுக்கச் சேறு. ஆறு நடுவில் ஒரு வாய்க்காலாகச் சுருங்கிவிடும், மறுபடி ஏற்றம் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். அன்றைய கணக்குக்குப் பன்னிரண்டேகால் கடைசி. இது லிண்டனுக்குத் தெரியும். அவனே காலையில் எங்களிடம் சொன்னான்.

பன்னிரண்டுக்கு ஜனெல் சாண்ட்விச்சைப் பாதியில் மடித்து வைத்தாள். நான் கவனித்தேன். அவள் தண்ணீரைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள். பாறையில் பாசி ஒரு முழம் வெளியே வந்திருந்தது. லிண்டனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. காலை நீட்டிக்கொண்டான்.

"எப்படி அழகா இறங்குது பாருங்க," என்றான். "காத்தும் இல்ல. நல்ல வற்றம் இன்னைக்கு."

ரொபெர்ட்டா வாயைத் திறந்தாள். ஜனெல் தலையை ஆட்டித் தடுத்தாள். பன்னிரண்டேகால் ஆயிற்று. பன்னிரண்டரை ஆயிற்று. லிண்டன் எந்த மூலையில் எத்தனை புழு கிடைக்கும் என்று எனக்குக் கையை நீட்டிக் காட்டினான். நான் எதுவும் சொல்லவில்லை. விருந்தாளிக்கு எதுவும் தெரியக்கூடாது என்பதுதானே பேச்சு. ஜனெல் எழுந்து போய்த் தன் கயாக்கின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டுச் சொன்னால் அப்பன் தோற்றுவிடுவான். சொல்லாவிட்டாலும் தோற்றுவிடுவான். நின்றுகொண்டே இருந்தாள்.

ஒன்றேகால் இருக்கும். லிண்டன் எழுந்து, பழக்கதோஷத்தில் பூட்ஸை மேலே இழுக்கிறவன் மாதிரி தொடையைத் தடவினான். அங்கே பூட்ஸ் இல்லை, அரைக்கால் சட்டைதான் இருந்தது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. முன்னால் நூறு தப்படிக்குச் சேறு மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதற்கு அப்பால்தான் வாய்க்கால்.

"மணி என்ன?" என்றான்.

ரொபெர்ட்டா கடிகாரத்தைப் பார்த்தாள், ஜனெலைப் பார்த்தாள்.

"மணி என்னன்னு கேட்டேன்."

"ஒண்ணு இருபது," என்றாள் ரொபெர்ட்டா.

ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதோடு நிறுத்திக்கொண்டு வேலையைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். தொடைவரை உள்ளே போயிற்று. நாங்கள் இறங்கக்கூடாது என்றான்.

"நாங்க இங்கயே இருக்கோம் மச்சான், ராத்திரிக்குள்ள தண்ணி வந்துரும்," என்றேன். அவன் முதுகை நினைத்துத்தான்.

"உட்காருடா," என்றான்.

எங்களைக் கயாக்கில் உட்காரவைத்து, அதன் முன்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தான். சேற்றில் அவன் நடக்கிற நடை வேறு. குதிகாலை ஊன்றவே மாட்டான், ஒரு இடத்தில் நிற்க மாட்டான், கால் முழுக்கப் புதையும் முன்னால் அடுத்த காலை உருவிவிடுவான். என் எடை நூற்றுப் பத்து கிலோ. ரொபெர்ட்டாவும் இளைத்தவள் இல்லை. சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டே போனோம். பாதியில் அவன் குனிந்துவிட்டான், பழைய மாதிரி, இடுப்பில் மடிந்து. "உக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வாய்க்காலில் எங்களை மிதக்கவிட்டுத் திரும்பிப் போய் ஜனெலை இழுத்து வந்தான். கடைசியாகத் தன் காலிக் கயாக்கை. அதில் அவனால் தானாக ஏற முடியவில்லை. ஜனெல் பிடித்துக்கொண்டாள், அவன் வயிற்றால் ஊர்ந்து ஏறினான்.

இறங்குகிற தண்ணீரோடு படகுத்துறைக்கு வந்து சேர்ந்தோம். வழியில் நானும் முதலையைப் பற்றிக் கேட்கவில்லை.

துறையில் ஜனெல் குழாயைத் திறந்து கயாக்குகளைக் கழுவ ஆரம்பித்தாள். உதவிக்குப் போனேன். "வேணாம் மாமா," என்றாள். லிண்டன் அவள் வேனின் பின்படியில் உட்கார்ந்திருந்தான். காலில் சேறு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடிவிட்டு அவன் பக்கம் வந்தாள். சொல்ல வந்தது என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"நீ சொல்லாத," என்றான் லிண்டன். "நானே சொல்றேன். நான் லாயக்கில்ல."

"அப்பா."

"பாசி வெளிய வந்ததைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கண்ணு தெரியாம இல்ல. தண்ணி இறங்க இறங்க எனக்கு மனசு லேசாகுது. முப்பத்து நாலு வருஷமா அப்பதான் என் பொழுது விடியும். அது உடம்புல ஏறிப்போச்சு. நாளைக்கு ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒருத்தி வருவா. அவளையும் உட்கார வச்சுட்டு நான் சேத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

ஜனெல் மறுக்கவில்லை. அடுத்த தடவை பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை. அவளிடம் எனக்குப் பிடித்தது அதுதான். அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"வேன் ஓட்ட ஆள் வேணும். டிரெய்லரோட. ஒருவழிப் பயணம் வர்ற ஆளுங்களை மேல கொண்டுபோய் இறக்கணும், கீழ வந்து ஏத்தணும். பாரம் நாங்க தூக்கிக்குவோம். சம்பளம் பாதிதான்."

"அது காலேஜ் பசங்க பார்க்குற வேலைல்ல?"

"ஆமா."

அவன் மெதுவாகத் திரும்பி வேனுக்குள் எட்டிப் பார்த்தான். திரும்பியதில் முகம் சுளித்தது.

"உட்கார்ந்துக்கிட்டே பார்க்குறதுதானே?"

"ஆமாப்பா."

"ரேடியோ பாடுமா?"

"பாடாது."

"சரி," என்றான். எழுந்திருக்கக் கையை நீட்டினான். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.