சோமசேகரம் மாமாவின் டென்மார்க் கதிரைகள்

என் மனைவி பூரணியின் தகப்பன் சோமசேகரம் மாமா இந்த மாசி மாதம் காலமானார். பிறந்த இடம், படித்த பள்ளி, துறைமுகக் களஞ்சியத்தில் பார்த்த உத்தியோகம் எல்லாம் இந்த நினைவுமலரின் முதல் பக்கத்தில் இருக்கின்றன. நான் அவருடைய கதிரைகளைப் பற்றி எழுதுகிறேன். அவற்றை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவருடைய வரலாறாகிவிடும்.

அறுபதுகளில் துறைமுகத்தில் பாரந்தூக்கி பூட்ட டென்மார்க்கிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்திருந்தார். அவர் வீட்டுக் கதிரைகளில் பூவேலை இல்லை, சிங்கமுகம் இல்லை. மெல்லிய கால்கள், சாய்ந்த முதுகு, கயிறு பின்னிய இருக்கை. ஒரு கையால் தூக்கலாம்.

"இது உங்கட ஊரில ராசா வீட்டுக் கதிரையோ?" என்று மாமா கேட்டாராம்.

"இல்லை, தபால்காரன் வீட்டுக் கதிரை."

தபால்காரனுக்கும் முதுகு நோகும் என்று யோசித்து, சாதாரண வீட்டுக்கென்றே அழகாகவும் மலிவாகவும் தளபாடம் செய்கிற நாடு ஒன்று உண்டு என்பதை மாமாவால் மறக்கவே முடியவில்லை. எஞ்சினியர் போகும்போது கொடுத்த படப்புத்தகத்தைச் சாமி அறையில் வைத்திருந்தார்.

எண்பத்தாறில், சண்டையால் காட்டுப் பாதைகள் அடைபட்டு நல்ல பலகை கிடைக்காமல் போனபோது, மாமாவுக்கு அந்தப் புத்தகத்தின் அருமை இன்னும் கூடியது. கொஞ்ச மரத்தில் நிறையக் கதிரை! கனகம்மா மாமி தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கிண்ணியாவிலிருந்து தச்சுவேலை செய்கிற ஜமால்தீனைக் கூப்பிட்டார். மாமி திரும்பி வந்தார்.

"கட்டில் எங்கேயப்பா?"

"கதிரையாப் போச்சுது."

"என்ர சீதனக் கட்டில்!"

"உம்மட அப்பா ஆனை படுக்கிற அளவுக்கெல்லோ செய்விச்சவர். அதுக்குள்ள நாலு கதிரை இருந்தது, கனகம்மா. நான் வெளியில எடுத்து விட்டனான்."

"அப்ப நான் எங்க படுக்கிறது?"

"கதிரையில இருந்து பாரும். படுத்த மாதிரித்தான் இருக்கும்."

மாமி பாயில் படுத்தார். கொஞ்ச நாள் பூரணி மூலமாகத்தான் மாமாவோடு பேசினார்.

இருக்கைக்குத்தான் வில்லங்கம் வந்தது. புத்தகத்தின்படி அது கடதாசியை முறுக்கிச் செய்த கயிறு. ஜமால்தீன் சிரித்தே விட்டார். "கடதாசிக் கயிறா ஐயா? ஒரு மாரி மழைக்குக் கஞ்சியாப் போயிரும்!" ஆகவே மீன்காரரிடம் நைலோன் கயிறு வாங்கிப் பின்னினார்கள். பாரம் ஏற ஏற நைலோன் இழுபடும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் ஒல்லி.

பூரணிக்கு அதற்குள் இரண்டு சம்பந்தம் குழம்பியிருந்தது. பெண் பார்க்க வெளிக்கிட்டவர்கள் சோதனைச் சாவடியோடு திரும்பிவிடுகிற காலம். மூன்றாவதாக, தம்பலகாமத்திலிருந்து பாலையூற்றுக்கு நாங்கள் வந்து சேர்ந்தோம்: நான், என் அம்மா, அம்மாவின் தமையன் தம்பிராசா அம்மான். எங்கள் வீட்டில் முடிவு சொல்கிறவர் அம்மான்தான். "இதுவும் குழம்பினால் பிள்ளையின்ர கதி என்ன? பக்கத்து வீட்டில நல்ல கதிரை இரவல் வாங்குங்கோ" என்று மாமி முதல் நாள் கெஞ்சினாராம். மாமா மறுத்துவிட்டார்.

அம்மான் வயல்காரர், நல்ல உடம்பு. வந்ததும் மாமா முதல் கதிரையை அவருக்குக் காட்டினார். அம்மான் இருந்தார். கயிறு முனகியது. அவர் மெல்ல இறங்கினார், இறங்கிக்கொண்டே போனார், முழங்கால்கள் நெஞ்சுக்கு நேரே வந்த பிறகுதான் நின்றார். தமையனைவிட உயரத்தில் இருக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, பாயில் இருந்தார். விருந்தாளி பாயில் இருக்கத் தான் கதிரையில் இருப்பதா என்று மாமாவும் பாய்க்கு வந்தார். பெரியவர்கள் பாயில் இருக்க நான் மட்டும் நிற்கலாமா, நானும் பாயில் இருந்தேன். மூன்று கதிரைகள் வெறுமையாக இருந்தன.

"இது எங்கத்தைக் கதிரை?" என்றார் அம்மான்.

"டென்மார்க் மாதிரி."

"அங்கத்தைச் சனம் எழும்புறேல்லையோ?"

தேத்தண்ணி குடித்ததும், "அப்ப வெளிக்கிடுவம்" என்றார். உடம்பு வரவில்லை. மாமா கை நீட்டினார். "விடும், நான் என்ன நோயாளியோ?" என்று சொல்லி, எழும்ப நினைக்கவே இல்லை என்பதுபோல வயலில் ஆனை விழுந்த கதையைத் தொடங்கினார். குளம், வரம்பு, உழவு மெசின் என்று கதை நீண்டது. அதற்குள் தெருவில் ஜீப்பின் ஒலிபெருக்கி வந்தது. நண்பகல் தொடக்கம் மறுநாள் காலை வரை ஊரடங்கு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு சொல்லும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக்கூடாது. தேத்தண்ணி பரவாயில்லை. சோறு தின்றால் சம்மதம் என்றுதான் அர்த்தம். முடிவை ஊருக்குப் போய் ஆள் விட்டுச் சொல்வதுதான் முறை. இப்போது ஊருக்கும் போக ஏலாது, தின்னவும் ஏலாது.

மாமிக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரியும். ஒரு தரம்கூட "சாப்பிடுங்கோ" என்று சொல்லவில்லை. குசினியில் பாரைமீன் குழம்பை வைத்து, கதவை அகலத் திறந்துவிட்டார். வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளிக்கிற வாசம் வந்தபோது அம்மான் ஆனைக் கதையின் நடுவில் நின்றுபோனார்.

"அண்ணை, கை நனைக்கக்கூடாது," என்று அம்மா கிசுகிசுத்தார்.

"நான் மூச்சுத்தானேடி விடுறன்!"

அம்மான் கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்தார். அந்தக் கதிரையில் வேறெதையும் பார்க்க முடியாது. பிறகு சொன்னார்: "சோமசேகரம், பிள்ளையைக் கூப்பிடும். அவளின்ர வாயால கேப்பம்."

பூரணி வந்து வாசலில் நின்றாள்.

"பிள்ளை, நேராச் சொல்லு. என்ர மருமோனைப் பிடிச்சிருக்கோ?"

"பாயில இருக்கிறவரை எப்பிடி வடிவாப் பாக்கிறது? எழும்பச் சொல்லுங்கோ."

நான் எழும்பினேன். கால் விறைத்திருந்ததால் ஒரு பக்கம் சரிந்து, சுவரைப் பிடித்து நின்றேன். அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஓம்," என்றாள்.

"எனக்கும் ஓம். சோத்தைப் போடுங்கோ!" என்றார் அம்மான்.

மாமி சோறு போட்ட கோப்பையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். மாமா செம்பில் தண்ணீர் எடுத்து வந்து, கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று அம்மானின் கையில் ஊற்றினார். கதிரை அவ்வளவு தாழ்ந்திருந்ததால் பாதித் தண்ணீர் அம்மானின் வேட்டியில் போய்விட்டது. அம்மான் கையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடித்தார்.