ஜன்னலடி மெத்தை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே இதைச் சொல்கிறேன் என்றால் உங்களை நம்பவைப்பதற்காக இல்லை, உள்ளேயே வைத்துக்கொண்டிருந்து எனக்கே அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

கரோல் பாகில் இரண்டாவது மாடியில் நானும் அப்பாவும் இருந்தோம். அப்பா விருதுநகர்ப் பக்கம், மத்திய அரசு வேலைக்காக டெல்லி வந்தவர். ஓய்வு பெற்ற பிறகு பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, 'ஆ', 'ம்' மட்டும்தான் மிச்சம். பகலில் சுனிதா என்கிற அம்மாள் பார்த்துக்கொள்வாள். நான் குருகிராமில் ஆபீஸ் முடித்து மெட்ரோவில் நின்றபடியே வந்து, செருப்பைக் கழற்றும்போதே அவளிடமிருந்து அப்பாவை வாங்கிக்கொள்வேன். துடைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். கல்யாணம் காட்சி எல்லாம் எனக்கு அப்படியே கடந்துபோயிற்று, அதை விடுங்கள்.

அப்பாவை உடற்பயிற்சிக்கு லாஜ்பத் நகரில் ஒரு மையத்துக்குக் கூட்டிப்போவேன். அதே மாடியில் ஓர் ஆப்கான் குடும்பம் இருந்தது. நான் வராந்தாவில் நின்றுகொண்டே தூங்கி வழிவதைப் பார்த்து, அந்த வீட்டு ஃபரீதா என்னை உள்ளே கூப்பிட்டார். கூடத்தில் நாற்காலி ஒன்றுகூட இல்லை. தரை முழுக்கச் சிவப்புக் கம்பளம், சுவரை ஒட்டிச் சுற்றிலும் தடித்த மெத்தைகள், சாய்ந்துகொள்ள உருண்டைத் திண்டுகள். சாய்ந்ததுதான் தெரியும். விழித்தபோது என்மேல் ஒரு சால்வை போர்த்தியிருந்தது, பக்கத்தில் ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் இருந்தது. அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை காலமாயிற்று என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கூடம் மாதிரி எனக்கு ஓர் அறை வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. அவர்கள் வெளிநாடு கிளம்பும்போது, "எடுத்துட்டுப் போ மகளே, இதையெல்லாம் விமானத்தில் ஏற்ற முடியாது" என்று இந்தியில் சொல்லி எல்லாவற்றையும் எனக்கே தந்துவிட்டார். அப்பா கட்டிலிலிருந்து ஒருமுறை உருண்டு விழுந்திருந்தார், அதனால் தாழ்வான படுக்கை நல்லதுதான் என்று பயிற்சி கொடுப்பவரும் சொன்னார். ஃபரீதா வீட்டில் இருந்த மாதிரியே அப்பாவின் அறையை மாற்றினேன். குனிந்து தூக்கினால் இடுப்பு போய்விடும் என்று சுனிதா முனகினாள். கோயம்புத்தூரிலிருந்து தம்பி வீடியோவில் பார்த்துவிட்டு, "என்னக்கா, அப்பாவத் தரையில போட்டுட்டியா?" என்றான்.

"நீ வந்து கட்டில்ல தூக்கிப் போடு" என்றேன். ஃபோனை வைத்துவிட்டான்.

கொஞ்ச நாளில் சுனிதா ஆரம்பித்தாள். "தீதி, சாப்பாட்டுக்கு அப்புறம் பாபுஜி யார்கிட்டயோ பேசறார்." இவள் சீரியல் பார்க்கிற கேஸ் என்று நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

புகைமூட்டத்துக்காக ஆபீஸை மூடி, வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்ன வாரம் அது. மத்தியானம் சுனிதா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நான் கூடத்தில் லேப்டாப்போடு இருந்தேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போகட்டும், அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. குழறல் இல்லை, திக்கல் இல்லை, பழைய கணீர்க் குரல்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க. இப்ப எம்மகதான் பாத்துக்கிடுதா."

கொஞ்சம் மௌனம், எதிராளி சொல்வதைக் கேட்கிற மாதிரி.

"ஆமாங்க. ரொம்ப அசந்து போயிருக்கா. எங்க, ஒக்காந்து பேசவே நேரமில்லியே அவளுக்கு."

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அப்பா தன் இடத்தில் சாய்ந்திருந்தார். எதிரே, ஜன்னலுக்கு அடியில் இருந்த மெத்தையில் யாரும் இல்லை. ஆனால் நடுவில், கனமான ஆள் உட்கார்ந்திருந்தது போல, ஒரு பள்ளம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலெழும்பிச் சமமாயிற்று.

"அப்பா, யாருகிட்டப்பா பேசுனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த பேசுங்கப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அந்த வெறும் மெத்தையைப் பார்த்தார், அனுமதி கேட்கிற மாதிரி. வாயைத் திறந்தார். 'ஆ' என்றுதான் வந்தது.

டாக்டர், சில சமயம் மூளை அப்படிச் சில வாக்கியங்களைத் தானாக வெளியே தள்ளிவிடும் என்றார். இருக்கலாம். பள்ளத்தை அவரிடம் சொல்லவில்லை. ஃபரீதாவிடம் மட்டும் ஃபோனில் கேட்டேன்: ஜன்னலடி மெத்தையில் உங்கள் வீட்டில் யார் உட்காருவார்கள், அந்த ஆள் இப்போது இல்லையா என்று.

"அப்படி யாரும் இல்லையே. கதவுக்குத் தூரமா இருக்கிற அந்த ஜன்னலடி இடம் மெஹ்மானுக்கு, விருந்தாளிக்கு. வீட்டு ஆட்கள் நாங்க அங்க உட்காரவே மாட்டோம். ஏன், யாராவது வந்தாங்களா?"

குளிர் விடுவதற்குள் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். கடைசிவரை என்னிடம் பேசவில்லை. யாரிடமோ என்னைப் பற்றிப் பேசினார், எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"அந்த மெத்தையெல்லாம் தூக்கிப் போடுக்கா" என்றான் தம்பி. தூக்கிப் போடவும் தெம்பு வேண்டுமே, அப்படியே விட்டுவிட்டேன்.

போன மாதம் காய்ச்சலோடு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். வாசல் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு அந்த அறையில் போய்ச் சாய்ந்தவள் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. என் கைக்குப் பக்கத்தில், கம்பளத்தின் மேல், ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தேநீர். ஏலக்காய் வாசனை, ஆவி பறந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பச்சைத் தேயிலை வாங்கியதே கிடையாது. தாழ் போட்டது போட்டபடி இருந்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது.

நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். எனக்கு அப்போது பயமே வரவில்லை, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்து முழுவதையும் குடித்தேன். காலி டம்ளரைக் கீழே வைக்கும்போது என் வாய் தன்னால், "போதுங்க" என்றது.

யார் கேட்டு அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.