பட்டை போட்ட கண்ணாடி

பூன் லே வீட்டிலிருந்து கண்ணாடித் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் மருதப்பனுக்கு ஒரே நினைப்புதான்: என் காற்றாடிகளை அந்தப் பெண் எதற்குக் கழற்றினாள்?

உலையிலிருந்து வரும் கண்ணாடியைச் சட்டென்று குளிரவைத்தால்தான் அது உறுதியாகும்; உடைந்தாலும் ஆளைக் கிழிக்காமல் பொடிப்பொடியாக உதிரும். குளிரூட்டும் பகுதியில் தலை நரைத்தவர் மருதப்பன். பெரிய காற்றாடிகள், பெரிய சத்தம். அங்கே அவர்தான் ராஜா. பொறியாளர் யாமினி வந்தாள்; அவற்றைக் கழற்றிவிட்டு, சிறு ஓட்டைகள் வழியே காற்றைப் பீய்ச்சும் தகடுகளைக் கண்ணாடிக்கு மேலும் கீழும் நெருக்கமாகப் பொருத்தினாள்.

“சூடான கண்ணாடியை ஒட்டி மெல்லிசா ஒரு காத்து போர்வை மாதிரி கிடக்கும் அங்கிள். உங்க ஃபேன் காத்து அதைத் தடவிட்டுப் போயிடும். ஓட்டை வழியா நேரா அடிக்கிற காத்து கிழிச்சிட்டு உள்ள போகும். கோப்பியை உதட்டைக் குவிச்சுத்தானே ஊதுறீங்க?”

அந்த ‘அங்கிள்’ வேறு அவருக்கு எரிந்தது. சிராங்கூன் சாலையில் நடந்த தொழிற்சாலை விருந்தில் மேலாளர் பாலகிருஷ்ணன், “யாமினி தகடு பிரமாதம் லா! சட்டுனு குளிருது, கரண்டும் மிச்சம்” என்றபோது, பாயசம் வருமுன்பே மருதப்பன் இலையை மூடிவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. இயந்திரங்களுக்குச் சந்தனம் பூசுவது எப்போதும் அவர் உரிமை. மற்றவற்றுக்கு ஒரு பொட்டு. துடைப்பதற்காகத் தூக்கி நிறுத்தியிருந்த யாமினியின் தகட்டுக்கு மட்டும், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மூன்று விரலால் பட்டை. இது என் இடம் என்று சொல்வதைப் போல.

விடுமுறை முடிந்து செய்த சோதனையில் கண்ணாடி நீளநீளமாக, கத்தி கத்தியாக உடைந்தது.

“பழைய ஃபேனையே மாட்டுங்க” என்றார் பாலகிருஷ்ணன்.

“என் ஃபேன் இருந்தப்ப இப்படி ஆச்சா சார்?” மருதப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. யார் வீட்டுக் குளியலறைக் கதவாகியிருக்கும் அந்தக் கண்ணாடி? கிழியும் சதைக்கு எந்தச் சந்தனம் மருந்து? பொறாமைக்கு இந்தக் கேள்விகள் வருவதில்லை.

யாமினி இன்னொரு கண்ணாடியை அதன் உள்ளழுத்தத்தைக் காட்டும் விளக்கில் பிடித்தாள். காற்று அடித்த தடங்கள் வரிவரியாகத் தெரிந்தன. நடுவே மூன்று பட்டைகளில் மட்டும் தடமே இல்லை. அவள் பார்வை கண்ணாடியிலிருந்து மருதப்பனின் நெற்றிக்குப் போனது. அங்கேயும் மூன்று பட்டை.

“ஓட்டை அடைச்சிருக்கு சார். ஏதோ தூசி. க்ளீன் பண்ணிட்டா சரியாயிடும்” என்றாள்.

மருதப்பனுக்குத் தாங்கவில்லை. தகடும் அவளுடையது, பாராட்டும் அவளுடையது; இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா?

“தூசி இல்ல சார்! சந்தனம். நான்தான் பூசினேன்!” என்று கத்தினார்.

மருதப்பன் கம்பியொன்றை எடுத்து, காய்ந்த சந்தனத்தை ஓட்டை ஓட்டையாகக் குத்தத் தொடங்கினார். உதவ வந்த யாமினியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“தள்ளிப் போம்மா. இதையாவது நான் செய்யறேன்.”